பேர் சொல்லும் கொடி

பன்னீர் திராட்சையை வாயில் போட்டு லேசாக அழுத்தினால் போதும், தோல் தனியே கழன்று வந்துவிடும். உள்ளே வழவழவென்று சதை, அதற்குள் இரண்டு மூன்று விதைகள். அந்தத் தோலைத் துப்பக்கூடாது என்பார் எங்கள் அப்பத்தா. "வாசமெல்லாம் தொலியிலதான் இருக்கு, மென்னு முழுங்கு" என்று சொல்லிக்கொண்டே, வளவில் உட்கார்ந்து பழத்தை உப்புத் தண்ணீரில் அலசித் தட்டில் போடுவார். காரைக்குடி ஐந்து விளக்குப் பக்கம் தள்ளுவண்டியில் வாங்கிய பழம். கோடையில் அது வீட்டுக்குள் வந்தால் இரண்டாங்கட்டு வரைக்கும் மணக்கும்.

பின்னால் தம்பி எங்கள் ஊர் மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியில் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்தபோது, அப்பத்தா சொன்னதற்கு வேதியியல் காரணம் சொன்னான். ரோஜாவுக்கு மணம் தருகிற ஜெரானியால், லினலூல் போன்ற பொருள்கள் இந்த வகைத் திராட்சையில் உண்டாம், அவை தோலிலும் தோலை ஒட்டிய சதையிலும்தான் அதிகமாம். பன்னீர் என்று பேர் வைத்தவர்கள் மூக்கை நம்பி வைத்திருக்கிறார்கள், சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பழம் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. வண்டிக்காரருக்கு அது கருப்புத் திராட்சை, எங்களுக்குப் பன்னீர் திராட்சை. ஊர்ப்பேரைச் சேர்த்துச் சொல்லாமல் எதையும் வாங்காத ஊர் எங்கள் ஊர். தரையில் பதித்தது ஆத்தங்குடிக் கல், தூண் பர்மாத் தேக்கு, சுவரில் தொங்குவது பெல்ஜியம் கண்ணாடி, பெட்டியில் இருப்பது காரைக்குடிக் கண்டாங்கி. குடிக்கிற தண்ணீருக்குக்கூடப் பேர் உண்டு. சம்பை ஊற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் வெளியூர் போனால் முதலில் தண்ணீரைத்தான் குறை சொல்வார்கள். மண்ணுக்குத் தக்கபடி ருசி மாறும் என்று எங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இருந்தும் திராட்சைக்கு மட்டும் ஊர் இல்லாமல் போனது.

இந்த நினைப்பு எனக்கு வந்தது காரைக்குடியில் அல்ல, மோசல் நதிக்கரையில்.

தம்பி ஜெர்மனியில் கோப்லென்ஸ் பக்கம் வேலைக்குப் போன பிறகு, ஓர் அக்டோபர் மாதம் அவனிடம் போயிருந்தேன். ரைனும் மோசலும் கூடுகிற ஊர் அது. மோசலைப் பிடித்து மேலே போகப் போக நதி வளைந்து நெளிந்து போகிறது, இரண்டு கரையிலும் மலைச் சரிவு, சரிவு முழுக்கத் திராட்சை. பிரெம் என்ற ஊரில் கல்மோன்ட் என்கிற சரிவைக் காட்டினான். சில இடங்களில் 65 பாகை சாய்வு. ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஏறி நின்று பார்த்தால் கால் கூசுகிறது. அங்கே டிராக்டர் ஏறாது. கவாத்து, கட்டு, அறுவடை எல்லாம் கையால்தான். ஒவ்வொரு கொடிக்கும் தனியாக ஒரு குச்சி. கொடியின் இரண்டு கிளைகளையும் வளைத்து அந்தக் குச்சியிலேயே கட்டிவிடுகிறார்கள். காலுக்கடியில் மண்ணைவிடக் கல்தான் அதிகம். நீலமும் சாம்பலுமாகத் தகடு தகடாகப் பெயரும் பலகைக்கல். பகல் வெயிலை அந்தக் கல் வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடிக்குக் கொடுக்கிறது. கீழே ஓடும் நதியும் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. குளிர்நாட்டில் திராட்சை பழுக்க இப்படி எல்லாமும் சேர்ந்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

அங்கே விளைவது ரீஸ்லிங். மெதுவாகப் பழுக்கிற ஜாதி. மற்றவை அறுவடையாகி முடிந்த பிறகும் இது கொடியில் நின்றுகொண்டிருக்கும். பழுக்கப் பழுக்க இனிப்பு ஏறினாலும் புளிப்பை விட்டுக்கொடுக்காது. அந்தப் புளிப்புதான் அதன் முதுகெலும்பு. புளிப்பு இருப்பதால் இந்த ஒயின் இருபது முப்பது வருடம்கூடக் கெடாமல் நிற்கும். வயதான ரீஸ்லிங்கில் மெல்லிய மண்ணெண்ணெய் வாசம்கூட வரும், அதைத் தேடிப் போய் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு சிறிய வீட்டுத் தோட்டத்தில் எங்களுக்கு ஊற்றிக் கொடுத்த வயதான அம்மா, பாட்டிலைக் காட்டிவிட்டு ஜன்னலைத் திறந்தார். எதிர்ச்சரிவில் ஒரு பாறை, அதற்குக் கீழே நாலைந்து வரிசைக் கொடி. இது அங்கே விளைந்தது என்று விரலால் காட்டினார். அவ்வளவுதான் பேச்சு. எனக்கு மொழி தெரியாது, அவருக்கும் என் மொழி தெரியாது. வாயில் வைத்தபோது பச்சை ஆப்பிளும் எலுமிச்சையும் முதலில் வந்தன, பிறகு ஓர் இனிப்பு, அந்த இனிப்பு நாக்கில் ஒட்டிக்கொள்ளாமல் புளிப்போடு சேர்ந்தே இறங்கியது. போதை ஏறுகிற சரக்கும் அல்ல. மோசலின் இலகுவான ரீஸ்லிங்கில் ஆல்கஹால் எட்டு ஒன்பது சதவீதத்தைத் தாண்டாது.

பாட்டிலின் மேல் ஒட்டிய சீட்டைத் தம்பி படித்துச் சொன்னான். முதலில் ஊர், பிறகு அந்த ஊரில் எந்தத் தோட்டம். வேலன் என்ற ஊரில் பாறை மேல் ஒரு சூரிய கடிகாரம் இருக்கிறது, 1842இல் கட்டியது. வேலை செய்கிறவர்கள் மணி பார்ப்பதற்காக. அந்தச் சரிவின் பேரே சூரிய கடிகாரம்தான், அங்கே விளைந்த ஒயினின் பேரும் அதுதான். பெர்ன்காஸ்டலில் டாக்டர் என்றொரு தோட்டம். நோயில் கிடந்த ட்ரியர் நகரத்துப் பேராயர் ஒருவர் அந்தத் தோட்டத்து ஒயினைக் குடித்து எழுந்து உட்கார்ந்தார் என்று கதை. சில ஏக்கர் சரிவுக்கு ஒரு பேர், அந்தப் பேர் உலகம் பூராவும் போகிறது.

பேர் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1435 மார்ச் 13ஆம் தேதி, ரூசல்ஸ்ஹைம் கோட்டையில் கணக்கு எழுதியவர் ஒரு வரி எழுதி வைத்தார், ரீஸ்லிங் நாற்றுக்கொடி வாங்கிய வகையில் 22 ஷில்லிங் செலவு என்று. ரீஸ்லிங்கின் பேர் எழுத்தில் வரும் முதல் இடம் அதுதான் என்கிறார்கள். ஒரு செலவுச் சீட்டு! ஐந்தொகை எழுதியே வளர்ந்த செட்டிநாட்டில் பிறந்தவனுக்கு அதைக் கேட்டதும் மனம் நிறைந்துவிட்டது. 1787இல் ட்ரியரை ஆண்ட பேராயர் கிளெமென்ஸ் வென்செஸ்லாஸ் மட்டமான கொடிகளைப் பிடுங்கிவிட்டு நல்ல ஜாதியை நட வேண்டும் என்று ஆணையே போட்டார். மோசலில் ரீஸ்லிங் வேர் பிடித்ததற்கு அந்த ஆணை பெரிய காரணம்.

மோசல் பள்ளத்தாக்கில் திராட்சை போட்டவர்கள் ரோமானியர்கள். ட்ரியர் அருங்காட்சியகத்தில், பீப்பாய்களை ஏற்றிய படகு ஒன்றைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள், நொய்மாகனில் கிடைத்தது. துடுப்புப் போடுகிறவர்களின் முகங்கள்கூட அதில் தெரிகின்றன. அதன் முன்னால் நின்றபோது எனக்கு அழகன்குளம் ஞாபகம் வந்தது. காரைக்குடிக்குத் தெற்கே அதிக தூரமில்லை, ராமநாதபுரம் கடற்கரை. அங்கே தோண்டியபோது ரோமானியக் காசுகளும், ஒயின் வந்த மதுக்குடங்களின் ஓடுகளும் கிடைத்தன. புறநானூற்றில் நக்கீரர், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்ற பாண்டியனை வாழ்த்தும்போது, யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கிண்ணத்தில் மகளிர் ஏந்தித் தர நாளும் மகிழ்ந்திரு என்கிறார். மோசலில் கொடி நட்ட ரோமாபுரியின் ஆட்கள்தான் பாண்டிய நாட்டுக்கும் ஒயின் அனுப்பினார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே எங்கள் கடற்கரை இந்தக் கொடியைச் சாறாக அறிந்திருக்கிறது.

கொடியே தமிழ்நாட்டுக்கு வந்தது ரொம்பப் பின்னால். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்து வைத்தார் என்று, பன்னீர் திராட்சை விளைகிற கம்பம் பக்கத்தில் சொல்கிறார்கள்.

ஜெர்மனியிலிருந்து திரும்பியதும் நான் செய்த முதல் காரியம், பன்னீர் திராட்சையின் ஊரைப் பார்க்கப் போனது. மதுரை, உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டித் தேனி, அங்கிருந்து சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம். காரைக்குடியின் செம்மண்ணையும் ஊருணியையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தப் பள்ளத்தாக்கின் பச்சை கூசுகிறது. மேற்கே ஏலமலை, கீழே முல்லைப் பெரியாறு. 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையின் தண்ணீர் சுரங்கம் வழியாக இறங்கி வருகிறது. அவர் பிறந்த நாளான ஜனவரி 15 அன்று அங்கே ஊர் கூடிப் பொங்கல் வைக்கிறார்கள். அந்தத் தண்ணீர் வைகையில் கலந்து கீழே எங்கள் சிவகங்கை மாவட்டத்துக்கும் வருகிறது. திராட்சை நனைந்த தண்ணீரின் மிச்சம் எங்களுக்கும் உண்டு.

சுருளிப்பட்டியில் ஒரு தோட்டத்துக்குள் நுழைந்தோம். நிமிர்ந்து நடக்க முடியாது. கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல், தலையை இடிக்கிற உயரத்தில் குலை குலையாகத் தொங்குகிறது. வெளியே வெயில் கொளுத்தினாலும் பந்தலுக்குக் கீழே பச்சை நிழல். பெண்கள் கத்தரிக்கோலோடு நின்று குலையை ஒரு கையில் தாங்கி, அழுகியதையும் பிஞ்சையும் ஒவ்வொன்றாகக் கத்தரித்துவிட்டுக் குலையைக் கூடையில் வைக்கிறார்கள். குலையின் மேல் இருக்கிற வெள்ளைப் பூச்சில் விரல் படாமல் காம்பை மட்டும் பிடிக்கிறார்கள். பூச்சு போய்விட்டால் பழம் பழசாகத் தெரியும், விலை இறங்கும். அந்தக் கைப்பக்குவத்துக்கும் கல்மோன்ட் சரிவில் பார்த்த கைப்பக்குவத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை எனக்கு.

மோசலில் வருடத்துக்கு ஒரே அறுவடை. பனி விழுந்ததும் கொடி தூங்கிவிடும். கம்பத்தில் கொடிக்குத் தூக்கமே கிடையாது. கவாத்துப் பண்ணியதிலிருந்து ஏறத்தாழ நாலு மாதத்தில் பழம். இரண்டு வருடத்தில் ஐந்து வெள்ளாமை எடுக்கிறார்கள். ஒரு தோட்டத்தில் பூ, அடுத்த தோட்டத்தில் காய், அதற்கடுத்ததில் பழம் என்று வருடம் முழுக்க எங்காவது ஒரு பந்தலில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும். உலகத்தில் பெரும்பாலான திராட்சை நாடுகள் இதைக் கனவில்கூடப் பார்க்க முடியாது.

வரப்பில் ஒரு தொட்டியில் நீல நிறத்தில் எதையோ கரைத்துக்கொண்டிருந்தார் தோட்டக்காரர். என்ன அண்ணே என்று கேட்டேன். "போர்டோ கலவைங்க, அடிச்சாம்பல் நோய்க்கு" என்றார். மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் நூறு லிட்டர். பிரான்சின் போர்டோ பக்கத்துத் தோட்டக்காரர்கள், சாலையோரக் கொடியில் பழம் பறித்துத் தின்கிறவர்களை விரட்டுவதற்காகத் துத்தத்தையும் சுண்ணாம்பையும் தெளித்து வைத்தார்கள். தெளித்த கொடிகளில் மட்டும் நோய் விழாததைக் கவனித்த மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் 1885இல் அதை மருந்தாக உலகத்துக்குச் சொன்னார். அந்த ஊரின் பேரைச் சுருளிப்பட்டிக்காரர் நாள்தோறும் தன் வாயால் சொல்கிறார். மருந்துக்கு ஊர்ப்பேர் இருக்கிறது. அந்த மருந்தால் பிழைக்கிற பழத்துக்கும் ஊர்ப்பேர் வேண்டாமா?

மோசல் கொடிக்கும் கம்பத்துக் கொடிக்கும் உறவுகூட இருக்கிறது என்று தம்பிதான் தேடிச் சொன்னான். பன்னீர் திராட்சை என்று நாம் சொல்வது மஸ்கட் ஹாம்பர்க் என்கிற ஜாதி. அதன் பெற்றோர் இரண்டு. ஒன்று அலெக்சாண்டிரியா மஸ்கட், மற்றொன்று ஜெர்மனியில் ட்ரோலிங்கர் என்று சொல்கிற கருப்புத் திராட்சை. அந்த ட்ரோலிங்கரையும் ரீஸ்லிங்கையும் சேர்த்து, 1929இல் வைன்ஸ்பெர்க் ஊரில் அவுகுஸ்ட் ஹெரால்டு என்பவர் ஒரு புதிய கொடியை உண்டாக்கினார். யுஸ்டினஸ் கெர்னர் என்ற கவிஞரின் பேரால் அதற்குக் கெர்னர் என்று பேர். நகரத்தார் ஒன்பது கோயில் பார்த்துப் பங்காளி எது, சம்பந்தம் எது என்று கணக்கு வைக்கிற மாதிரி பார்த்தால், ட்ரோலிங்கர் வீட்டில் ரீஸ்லிங்குக்கும் சம்பந்தம், மஸ்கட்டுக்கும் சம்பந்தம். கம்பத்துப் பழத்துக்கு மோசலில் சொந்தக்காரர்கள் உண்டு.

ட்ரியர் என்றதும் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு ஒயின் ஞாபகம் வராது, அங்கே பிறந்த கார்ல் மார்க்ஸ்தான் ஞாபகம் வருவார். கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா ஆசிரமம் நடத்திய சிராவயல் காரைக்குடிக்குப் பக்கம்தான், 1927இல் காந்தி அவரைத் தேடி வந்த ஊர். அந்த வழியில் வந்த ஒரு பெரியவரிடம் நான் மோசல் கதையைச் சொன்னபோது, அவர் எழுந்துபோய் ஒரு புத்தகத்தை எடுத்து வந்தார். மார்க்ஸ் இளைஞராக ஒரு பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தபோது, மோசல் திராட்சை விவசாயிகளின் கஷ்டத்தைப் பற்றி எழுதினார். 1843 ஜனவரியில் வந்த கட்டுரைகள் அவை. விலை விழுந்து, வரி கட்ட முடியாமல் அவர்கள் திண்டாடிய காலம். பொருளாதாரத்தின் பக்கம் தன்னைத் திருப்பியவற்றில் மோசல் விவசாயிகளின் நிலைமையும் ஒன்று என்று 1859இல் மார்க்ஸ் ஒரு முன்னுரையில் குறிப்பிடுகிறார். அவருடைய அப்பாவுக்கும் அந்தப் பக்கம் கொஞ்சம் திராட்சைத் தோட்டம் இருந்தது. இன்றைக்குப் பேரும் புகழுமாக இருக்கிற ரீஸ்லிங் சரிவுகளில் அன்றைக்குப் பட்டினி இருந்தது. கம்பத்தில் வரத்து கூடி விலை விழுகிற நாட்களில் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு நிற்கிற விவசாயியை நினைத்துக்கொள்கிறேன். பறித்த பழம் காத்திருக்காது.

பேர் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் ரீஸ்லிங்கிடமே பாடம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில், சமவெளியில் சுலபமாக விளைகிற மலிவான திராட்சைகளின் தித்திப்பு ஒயினை, நல்ல ஊர்ப்பேரை ஒட்டிய சீட்டோடு கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். பீஸ்போர்ட் என்ற ஊர்ப்பேரை அந்த ஊரின் சரிவைப் பார்த்தே இராத பழத்துக்கெல்லாம் வைத்தார்கள். சட்டமும் அதற்கு இடம் கொடுத்தது. ஜெர்மன் ஒயின் என்றாலே மட்டமான தித்திப்பு என்று உலகம் முகம் சுளித்தது. செங்குத்துச் சரிவில் கையால் பாடுபட்டவர்கள்தான் அதற்கு விலை கொடுத்தார்கள். பல சரிவுகள் கைவிடப்பட்டன.

மீண்டு வந்ததும் ஆட்களால்தான். நியூயார்க்கில் டெர்வார் என்ற ஒயின் கடை நடத்திய பால் கிரிகோ, 2008 கோடைகாலம் முழுக்க, கிளாஸ் கணக்கில் ஊற்றிக் கொடுக்கிற வெள்ளை ஒயின் ரீஸ்லிங் மட்டும்தான், வேறு கிடையாது என்று அறிவித்தார். பிடித்தால் குடியுங்கள் என்ற துணிச்சல். அந்தக் கோடைக்கு ரீஸ்லிங் கோடை என்றே பேராகி, பின்னால் மற்ற கடைகளும் சேர்ந்துகொண்டன. ஒரு பழத்தின் மேல் ஒருவருக்கு இருந்த பிரியம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நம் நாட்டிலும் ரீஸ்லிங் உண்டு. நாசிக்கில் சுலா நிறுவனம் இந்தியாவின் முதல் ரீஸ்லிங் என்று சொல்லி விற்றது. குடிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்வேன். மிளகும் கல்பாசியும் அன்னாசிப்பூவும் வறுத்து அரைத்த நம் குழம்புக்கும், மிளகாய் தூக்கலான உப்புக்கறிக்கும் ரீஸ்லிங் மாதிரி ஒத்துப்போகிற ஒயின் வேறு இல்லை. ஆல்கஹால் கூடினால் காரத்தின் எரிச்சல் கூடும். இதில் அது குறைவு. கொஞ்சம் இனிப்பு காரத்தைத் தணிக்கும், புளிப்பு நெய்யையும் எண்ணெயையும் அறுக்கும்.

ஆனால் கம்பத்தில் ரீஸ்லிங் வைக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. குளிரில் மெல்லப் பழுத்தால்தான் அது ரீஸ்லிங். வருடமெல்லாம் வெயில் காய்கிற பந்தலுக்கு ஏற்ற கொடி பன்னீர் திராட்சைதான், அதற்கு வேண்டிய மரியாதையைத்தான் கேட்கிறேன். கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் ஊரே கொண்டாடியது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் கிடைத்தது. காரைக்குடித் தள்ளுவண்டிகளில் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. குறியீடு என்பது ஒரு காகிதம். பீஸ்போர்ட் கதை தெரிந்தவர்களுக்கு, காகிதம் மட்டும் பேரைக் காப்பாற்றாது என்றும் தெரியும். வாங்குகிறவர்கள் கேட்டால்தான் விற்கிறவர்கள் சொல்வார்கள். விற்கிறவர்கள் சொன்னால்தான் பெட்டியில் ஊர்ப்பேரை அச்சடிப்பார்கள். அச்சடித்தால்தான் சுருளிப்பட்டிப் பழம் வேறு, காமயகவுண்டன்பட்டிப் பழம் வேறு என்று நாக்கு பழகும். விலையும் அப்போதுதான் தோட்டக்காரர் கைக்கு வரும்.

ஆகவே, அடுத்த முறை திராட்சை வாங்கும்போது விலை கேட்பதற்கு முன்னால் ஊரைக் கேளுங்கள். கம்பமா, சுருளிப்பட்டியா, கூடலூரா என்று கேளுங்கள். வண்டிக்காரருக்குத் தெரியவில்லை என்றால், கொள்முதல் செய்கிற இடத்தில் விசாரித்து நாளைக்குச் சொல்லச் சொல்லுங்கள், மறுநாளும் போய்க் கேளுங்கள்.